மார்சியாஸின் மூச்சு

டிரம்பெட்டுகள் ஜெயித்துக்கொண்டிருந்தன.

அவள் யூஃபோனியத்தை, அந்தப் பெரிய பித்தளை ஊதுகருவியை, மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடு மவுத்பீஸை விட்டு நகரவில்லை.

இசை அவள் எழுதியது. இந்த முடிவு அவள் எழுதியதல்ல.

டவுன் ஹால் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் பெரிய அதிகாரிகள், அவர்கள் வீட்டுக்காரம்மாக்கள், தூங்கி வழியும் சிறப்பு விருந்தினர் ஒருவர். மேடையில் போலீஸ் பேண்ட், கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடையில்.

அவள் இசையாக்கியது ஒரு கிரேக்கக் கதையை.

அத்தீனா என்று ஒரு தேவி. குழல் ஊதிப் பார்த்தாள். கன்னம் உப்பி முகம் கோணிப்போகிறதே என்று குழலைத் தூக்கி எறிந்துவிட்டாள்.

காட்டில் திரிந்த மார்சியாஸ் அதைப் பொறுக்கி எடுத்தான். ஊதினான். காடே நின்று கேட்டது.

கன்னம் விஷயத்தில் அவளுக்கும் அத்தீனாவுக்கும் ஆகாது. "கன்னம் பலூன் மாதிரி ஆயிட்டா எவன் வந்து கட்டுவான்?" என்று பெரியம்மா புலம்பாத நாளில்லை. கட்டுகிறவன் கட்டட்டும், போகிறவன் போகட்டும். அவள் பயிற்சியை விட்டதில்லை.

பொறுக்கியெடுத்த குழலில் ஒருவன் பேர் வாங்கினால் சாமிக்குப் பொறுக்குமா? யாழோடு இறங்கி வந்தான் அப்பல்லோ. போட்டி நடந்தது. கேட்டவர்கள் இருவரும் சமம் என்றார்கள்.

அப்பல்லோ யாழை மீட்டிக்கொண்டே பாடினான். எங்கே, நீயும் ஊதிக்கொண்டே பாடு பார்க்கலாம் என்றான்.

ஊதுகிற வாயால் எப்படிப் பாடுவது?

மார்சியாஸ் தோற்றான். மரத்தில் கட்டி, உயிரோடு அவன் தோலை உரித்தது அந்தச் சாமி.

நல்ல நியாயம்! கதையைப் படித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊதிக்கொண்டே பாட முடியும் என்பது அவளுக்குத் தெரியும். யூஃபோனியத்தில் ஒரு கீழ் ஸ்வரத்தை ஊதியபடி தொண்டைக்குள் இன்னொன்றைப் பாட வேண்டும். இரண்டும் உரசும்போது, யாருமே பாடாத மூன்றாவது குரல் ஒன்று கிளம்பும். அவளுக்கு அது கைவந்த வித்தை.

அதற்காகவே இதை எழுதினாள்: அப்பல்லோவுக்கு டிரம்பெட்டுகள், மார்சியாஸுக்கு அவள் யூஃபோனியம். தோலை உரித்த பிறகு மார்சியாஸ் பாடுவான். அதுதான் முடிவு.

பேண்ட் மாஸ்டர் தேவசகாயம் ஒத்திகையில் ஒரு தடவை முழுதாகக் கேட்டார். சிவப்புப் பென்சிலை எடுத்தார். கடைசிப் பக்கத்தைக் குறுக்கே அடித்தார்.

"தோத்தவனுக்கு என்னம்மா பாட்டு? டிரம்பெட்டோட முடி. கைதட்டல் அள்ளும்."

"அந்தப் பாட்டுக்காகத்தான் சார் மிச்சம் எல்லாமே."

"மேடையில ஊதிப் பாரு. மறுநாளே கருவிய ஸ்டோர்ல வச்சிட்டு டிராஃபிக்குக்குப் போ."

சொன்னால் செய்கிற மனுஷன். யூஃபோனியத்தை அவளிடமிருந்து பிடுங்கினால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அது அவருக்கும் தெரியும்.

ஆனால் நல்ல வாத்தியார், அதில் பழுது சொல்ல முடியாது. நீண்ட ஸ்வரத்தில் எல்லாரும் ஒன்றாக மூச்சு வாங்கக் கூடாது என்று அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தவர். பக்கத்து ஆள் மூச்சு வாங்கும்போது நீ தாங்கு, நீ வாங்கும்போது அவன் தாங்குவான். "சத்தம் அறுந்துதுன்னா பேண்ட் செத்துச்சு" என்பார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அத்தனை பேரும் அதை ஒப்பிப்பார்கள்.

டிரம்பெட்டுகள் உச்சியைத் தொட்டு ஓய்ந்தன.

மாஸ்டரின் கோல் உயர்ந்தது. அது இறங்கினால் எல்லாம் முடிந்தது.

அவள் ஊதினாள்.

ஒற்றைக் கீழ் ஸ்வரம். அதன் மேல் தொண்டையிலிருந்து பாட்டு. முதலில் தழுதழுத்தது. பிறகு நிமிர்ந்தது. மூன்றாவது குரல் கிளம்பி ஹாலின் கூரை வரை போனது.

சிறப்பு விருந்தினர் விழித்துக்கொண்டார்.

மாஸ்டரின் முகம் கறுத்தது. உதடு அசையாமல் சொன்னார்.

"நிறுத்து."

வாய் சும்மா இருந்தால்தானே பதில் சொல்ல? பாடினாள்.

கோலை இறக்கிய பிறகும் இவள் ஊதிக்கொண்டே இருந்தால், அதிகாரிகள் முன்னால் மாஸ்டரின் மானம் போகும். அவர் காத்திருந்தார். எப்படியும் இவள் மூச்சு வாங்கித்தான் ஆக வேண்டும். அங்கே சத்தம் அறும். அறுந்த இடத்தில் கோலை இறக்கிவிடலாம்.

பாட்டு பாதிகூட ஆகவில்லை. நெஞ்சு காந்தியது. கண் இருட்டியது. அவ்வளவுதான், போச்சு.

வாயை எடுத்தாள்.

சத்தம் அறவில்லை.

பக்கத்து நாற்காலியில் டிராம்போன் மரியசெல்வம். "வீம்பு பண்ணாத தங்கச்சி, வெயில்ல கருவாடாப் போவ" என்று காலையில்கூடக் கெஞ்சியவர். கழுத்து நரம்பு புடைக்க அந்தக் கீழ் ஸ்வரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பாட வராது. கரகரவென்று பாடவும் செய்தார்.

பின்வரிசையில் டியூபா சேர்ந்தது.

கோல் அந்தரத்தில் நின்றது.

எத்தனை பேரைத்தான் டிராஃபிக்குக்கு அனுப்புவார்?

அவள் அவசரப்படவில்லை. வயிறு நிறைய மூச்சு இழுத்தாள். கன்னம் உப்ப, விட்ட இடத்திலிருந்து ஊதினாள்.