அம்மாவின் அடுப்பு

“அவுட்டோர் குக்கிங் கெதரிங் எண்டு வெள்ளைக்காரர் ஒருத்தரும் சொல்லமாட்டினம் தங்கச்சி. வீ ஆர் ஹேவிங் எ பாபகியூ. அவ்வளவுதான்” என்று பிறின்சியைத் திருத்தினார் எட்வேட்.

வீட்டுத்திட்ட நிறுவனத்து ஆள் அவர். அன்று மீன் சுடும் விருந்துக்கு வரப்போகும் வெள்ளைக்காரம்மா மனம் வைத்தால்தான் மொட்டையாக நிற்கும் வீடுகளுக்குக் கூரை வரும். இல்லாவிட்டால் இந்த மாரியும் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழேதான்.

இந்தியாவில் அகதி முகாமில் படித்த இங்கிலீசு பிறின்சியிடம் கொஞ்சம் இருந்தது. பேசும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

“வீ ஆர் ஹேவிங் எ பாபகியூ. ப்ளீஸ் ஜொயின் அஸ்.” சொல்லிச் சொல்லி நாக்கு வழிக்கு வந்துவிட்டது.

“எங்க நெருப்பு மூட்டப்போறியள்?” எட்வேட் கேட்டார்.

“வளவுக்குள்ள அம்மாவின்ர அடுப்புக் கிடக்கு. அங்கதான்.”

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரே ஓடிய நாளில் ஷெல் பட்டுச் செத்தவள் அம்மா. கைக்குழந்தையாயிருந்த பிறின்சிக்கு முகம்கூட நினைவில்லை. திரும்பி வந்து வீட்டுக்கு நூல் பிடித்தபோது, வளவு மூலையிலிருந்த அந்த மூன்று கல்லையும் அசைக்கவே கூடாதென்று அப்பா யாகப்பர் ஒற்றைக்காலில் நின்றார். “கொம்மா சமைச்ச அடுப்பு” என்றார். வீட்டைத்தான் தள்ளிக் கட்டவேண்டி வந்தது.

பிறின்சி மணலை விலக்கிக் கல்லைத் துடைத்தாள். ஒரு பொட்டுக் கரி இல்லை. இத்தனை வருட மழை கழுவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, காய்ந்த தேங்காய்ப் பொச்சுமட்டையை அடுக்கி நெருப்பு வைத்தாள். அம்மாவுக்குப் பிறகு அதை மூட்டுவது தான்தான் என்றதில் அவளுக்கு மனம் நிறைந்தது.

ஜீப் வந்து நின்றது. பிறின்சி ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னாள். வெள்ளைக்காரம்மா சிரித்துக் கைகொடுத்தார். எட்வேட்டுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் விடியக் கடலுக்குப் போயிருந்த யாகப்பர் மீன்கூடையோடு வந்தார். புகையைக் கண்டதும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். எரிகிற மட்டைகளை வெறுங்கையால் இழுத்து எறிந்தார்.

“என்னப்பா செய்யிறியள்? வந்த ஆக்கள் பாக்கினம். எங்களுக்குக் கூரை வேண்டாமே?”

யாகப்பர் சுடுமணலில் முழந்தாளில் விழுந்து கல்லைக் கட்டிப்பிடித்தார்.

“அண்டைக்குச் சேமக்காலைக்குக் கொண்டுபோய்ப் புதைக்க வழியில்லை பிள்ளை. அடுப்பெண்டா ஒருத்தரும் கிண்டமாட்டினம் எண்டுதான் மூண்டு கல்லு வைச்சனான்.”

கல்லுக்கு நடுவே கிடந்த தணலை அவர் கையால் வழித்தெறிந்தார்.

“கீழ கொம்மா கிடக்கிறா.”