தவளை வாத்தியாரின் பாசிப் பச்சை

கொக்கிடமிருந்து தப்பிப்பது எப்படி என்று தலைப்பிரட்டைகளுக்குக் கற்றுக்கொடுக்க, தவளை வாத்தியார் இணையத்தில் ஒரு பள்ளி தொடங்கினார். பாடமெல்லாம் தயார். தளத்துக்கு நிறம் கொடுக்க மட்டும் பச்சோந்தியைப் பிடித்து வந்தார்.

"இது என்னய்யா பச்சை? வாடின கீரை மாதிரி இருக்கு. பாசிப் பச்சை போடு."

பச்சோந்தி போட்டது.

"இப்போ எழுத்து எடுபடல. மஞ்சளாக்கு."

ஒரு தலைப்பிரட்டை மூச்சிரைக்க நீந்தி வந்தது. "வாத்தியாரே, கொக்கு குளத்துல இறங்கிடுச்சு. முதல் பாடத்தையாவது திறந்து விடுங்க."

"அரைகுறையா திறந்தா நாலு பேரு சிரிப்பாங்க. போய்க் காத்திரு" என்று எரிந்து விழுந்தார் வாத்தியார்.

"பாடத்தை வாயாலயே சொல்லிடலாமே" என்றது பச்சோந்தி.

"உன்னைக் கூப்பிட்டது நிறத்துக்கு."

மஞ்சளும் சரிப்படவில்லை. நீலம் தேவலை. பொத்தான்களின் மூலைகளை வளைத்தார்கள், மறுபடி நிமிர்த்தினார்கள். அதன்பிறகு யாரும் வந்து தொந்தரவு செய்யவில்லை. வேலை நிம்மதியாக நடந்தது.

பள்ளி திறந்த அன்று சேர்ந்தது ஒரே ஒருவர்தான். கொக்கு.

"தளம் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு, வாத்தியாரே. அவசரப்படாம செஞ்சிருக்கீங்க" என்று கருத்தும் எழுதியிருந்தது.

வாத்தியார் பச்சோந்தியிடம் திரும்பினார். "பார்த்தியா? ரசனை உள்ளவங்களுக்குத் தெரியுது."