எடை பார்க்கும் நாள்

"இன்னாடா, குருவி மாதிரி கொறிக்கிற? இன்னொரு மீன் போட்டுக்க."

"வேணாம்மா. செங்கல்பட்டுல இன்னிக்கு எடை பார்ப்பாங்க. அறுபத்தாறு கிலோவத் தாண்டக் கூடாது. இப்பவே சரியா கீறேன்."

"வெறும் வயித்தோட போயி யாரத் தூக்கிப் போடுவ?"

"என் எடையில எனக்குப் போட்டி ஒருத்தன்தான். அவனச் சாய்ச்சா ஜப்பான் போற ஜூடோ டீம்ல நான்."

"சாய்ச்சுத்தான் ஆவணுமா?"

"பின்ன? ஒரு எடைக்கு ஒருத்தனத்தான் எடுப்பாங்க," என்றான் தணிகைவேல்.

பூவாயி ஒரு சொம்பு நீராகாரத்தை நீட்டினாள். "இதையாவது குடி. தண்ணியில இன்னா எடை ஏறப் போவுது?"

சில நாளாக அரை வயிற்றோடு இருந்தவன். சொம்பும் காலியானது, மீனும் காலியானது.

செங்கல்பட்டில் தராசில் ஏறினான்.

"அறுபத்தேழரை," என்றார் நடுவர். "மேல் பிரிவுல ஆடு தம்பி."

வெளியே காத்திருந்த தாயிடம் கோபமாக வந்தான். "எல்லாம் உன்னாலதான். மேல் பிரிவுல எல்லாம் எருமை மாதிரி கீறானுங்க."

பின்னாலேயே அந்தப் போட்டியாளனும் எடை பார்த்துவிட்டு வந்தான். செங்கல்பட்டில் மாமன் வீட்டில் தங்கிப் பயிற்சி எடுக்கும் கங்காதரன். தணிகைவேலின் அதே முகம், அதே உயரம்.

"சரியா அறுபத்தாறும்மா," என்றான்.

பூவாயி இரண்டு பேரையும் பார்த்தாள்.

"ஒரே வயித்துல ஒண்ணாக் கெடந்தவனுங்க. ஒருத்தன் சிரிச்சிகினு, ஒருத்தன் அழுதுகினு வூட்டுக்கு வரணுமா? நீ போயி அந்த எருமைங்களத் தூக்கிப் போடு வேலு. அதுங்கள நான் பெக்கல."