ஒரு சாண் மேலே

சின்னையா ஆயுதப்படைப் போலீஸில் பன்னிரண்டு வருஷம் ரிவால்வர் பிடித்தவன். இப்போது தரகர் ரங்கசாமி கொண்டுவந்து கொடுத்திருக்கும் புதுப் பிஸ்டலுக்கோ பிடியின் சாய்வே வேறு. பழைய பழக்கத்தில் கையை நீட்டினால் குழல் வானத்தைப் பார்த்தது.

தான் குத்தகைக்கு எடுத்திருந்த ஜீயபுரம் வாழைக்கொல்லையில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்சட்டியைக் கட்டி, ரங்கசாமியின் கண்ணெதிரிலேயே மூன்று தடவை சுட்டான். மூன்று குண்டும் சட்டிக்கு ஒரு சாண் மேலே பறந்தன. சின்னையாவுக்கு மானமே போயிற்று.

"பரவாயில்லய்யா, இது போதும்," என்றார் ரங்கசாமி. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கத்துல தர்மராஜோட எலெக்‌ஷன் கூட்டம். அவர் பேச எந்திரிச்சதும் ஒரே குண்டு. அப்புறம் ஓடியாந்துடு. இந்தக் கொல்லையை உன் பேருக்கே எழுதி வச்சிடறோம்."

"அனுப்பினது யாருங்க?"

"பெரிய இடம். கேக்காதே."

இதைக் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? தர்மராஜை எதிர்த்து நிற்கிறவரை விட்டால் வேறு யார்! சின்னையா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். ஆனால் அந்த 'இது போதும்'தான் முள்ளாய்க் குத்தியது. இரக்கப்பட்டுச் சொல்கிறாராம்! குண்டு தப்பிப் போனால் கொல்லையை யார் எழுதித் தருவார்கள்? காலமெல்லாம் குத்தகைக்காரனாகவே கிடக்க வேண்டியதுதான்.

மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே தாழ்த்திப் பிடித்துப் பார்த்தான். வெறுங்கையில் நூறு தடவை, பிஸ்டலோடு நூறு தடவை. சத்தம் கேட்டு வந்தவர்களிடம் வவ்வால் விரட்டுவதாகச் சொன்னான். சாப்பிடும்போதும் கை தானாக நீண்டு தாழ்ந்தது.

"என்னங்க கூத்து இது? புது அரிவாள்மணை வந்தப்ப நான் இப்படியா ஆடினேன்?" என்று பெண்டாட்டி பவுனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் சட்டி சுக்குநூறாகியது. அடுத்த சட்டியும்தான். சின்னையாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை மேடையில் ரோஜா மாலையோடு எழுந்தார் தர்மராஜ். "இந்த ஊருக்காக உயிரையும் கொடுப்பேன்!" என்று முழங்கினார். கைதட்டல் காதைப் பிளந்தது. கூட்டத்தின் நடுவே சின்னையா மணிக்கட்டைத் தாழ்த்தினான். ஒரே குண்டு.

ஜனங்கள் அலறிச் சிதறியதில் அவன் கொள்ளிடக் கரைக்கு ஓடிவந்துவிட்டான். ரங்கசாமி அங்கேதான் காத்திருந்தார்.

"முடிஞ்சுதுங்க! சரியா நெத்தியில! பத்திரத்தை எப்ப எழுதலாம்?"

ரங்கசாமி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி, யாருய்யா உன்னைக் கையைத் திருத்தச் சொன்னது? உண்மையைச் சொன்னா நீ ஊரெல்லாம் உளறிடுவேன்னு மறைச்சேனே!" என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்.

"தலைக்கு மேல சுடுறவனாப் பாத்துப் பிடி, அனுதாப ஓட்டு அள்ளிடலாம்னு என்னை அனுப்பினதே தர்மராஜ்தான்யா!"