சின்னத் தோட்டா யாருக்காக?

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஞானதிரவியத்தின் ரிவால்வர், முப்பது வருஷமாகப் பெரிய தோட்டாவைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி கிளப்பில், மருந்து குறைந்த சின்னத் தோட்டாக்கள் ஆறை எடுத்து அதன் வயிற்றுக்குள் தள்ளினார் அவர்.

“தப்பா நினைச்சுக்காதே தம்பி,” என்று உள்ளே வந்த ஒரு தோட்டாவிடம் சொன்னது ரிவால்வர். “எனக்கு இப்பவும் பெரிசு தாராளமாச் செரிக்கும். பாவம், அவருக்குத்தான் வயசாச்சு. பெரிசைச் சுட்டா மணிக்கட்டு வீங்கிப்போகுது. அவருக்காகத்தான் உங்களைச் சேத்துக்கிட்டேன்.”

“இங்கே ஏதோ கடகடன்னு ஆடுதே, அண்ணாச்சி?”

“அது பொறந்ததுலேருந்தே அப்படித்தான். நீ பேசாம உட்காரு.”

அன்று ஆறில் ஐந்து, குறியின் நடுவிலேயே போய் விழுந்தன. இரண்டு வருஷமாக நடக்காத அதிசயம் அது.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டை விழுந்த அட்டையை மனைவி ஜெசிந்தாவிடம் நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

“பெரிய தோட்டாவை விட்டுட்டேன். எனக்கென்ன, கை இரும்பு மாதிரிதான் இருக்கு. துப்பாக்கிக்குத்தான் வயசாயிடுச்சு, பாவம். தாங்க மாட்டேங்குது.”

மேஜைமேல் கிடந்த ரிவால்வருக்குச் சுருக்கென்றது. ஆனாலும், பெண்டாட்டி முன்னால் மனுஷன் மானத்தை வாங்குவானேன் என்று வாயைத் திறக்காமல் இருந்துகொண்டது.

ஜெசிந்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், மூட்டுவலித் தைலத்தையும் துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயையும் எடுத்துவந்து, இரண்டையும் ஒன்றாக மேஜைமேல் வைத்தாள்.