நூற்றாண்டு அழுக்கு

"துணியோட அது பக்கம் போயிடாதே" என்றார் ஹார்லன், காபிக் கோப்பையைக் கீழே வைத்தபடி.

தினமும் காலையில் சொல்வதுதான். மனைவி வெர்னாவின் கையில் துணி இருந்தால் கதவுக் கைப்பிடி, கரண்டி, பூனையின் கழுத்து மணி எதுவும் தப்பாது. "எனக்கு வேற வேலை இல்லையாக்கும்" என்று அவளும் தினமும் சொல்கிற பதிலைச் சொன்னாள். அவர் குதிரைத் தீவனம் வாங்கக் கிளம்பினார். கடை வாசலில் வண்டியை ஒழுங்காக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலை சாய்த்து, இறந்துபோனார்.

'அது' என்பது கோல்ட் கம்பெனி செய்த ஒரு பழைய ரிவால்வர். அந்தக் காலத்துக் குதிரைக் கோச்சு வண்டிக் காவலாளி ஒருவன் வைத்திருந்தது. அதற்கு மூன்று கொள்ளைக்காரர்கள் பலியானதாக அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் அந்த மூலை முழுக்கப் பேச்சு. ஹார்லன் பழைய செய்தித்தாள்களை வருஷக்கணக்கில் கிளறி உண்மையைக் கண்டுபிடித்தார். அது யாரையும் சுட்டதில்லை. காவலாளி அதன் பிடியால் வால்நட் உடைத்துத் தின்றிருக்கிறான். பிடியிலிருந்த பழுப்புக் கறை அதுதான்.

"ஒரு துப்பாக்கிக்கு இதைவிட நல்ல சரித்திரம் இருக்கா?" என்பார் ஹார்லன்.

ரிவால்வர் சேகரிப்போர் சங்கத் தலைவர் ராய்ஸ் டெகர்ட்டுக்கு அந்தச் சரித்திரம் ருசிக்கவில்லை. மூன்று பிணங்களுக்கு ஏலத்தில் மரியாதை உண்டு. வால்நட்டுக்கு ஏது?

ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் மட்டும் ஹார்லன் கடையில் வாங்கிய புது நகலை இடுப்பில் மாட்டிக்கொள்வார். வியர்வை பட்டால் அசலுக்கு ஆகாதாம். "பெண்டாட்டியை வீட்டுல பூட்டிட்டுப் பொம்மையோட நடக்கறான் பாரு" என்று ராய்ஸ் கேலி செய்வார்.

கல்லறையில் மண் தள்ளி முடிவதற்குள் அதே ராய்ஸ் வெர்னாவின் அருகே வந்து நின்றார்.

"இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான். தனக்கப்புறம் அது எனக்குன்னு ஹார்லன் வாக்குக் குடுத்திருக்கான். கை குலுக்கிச் சொன்னான். லாயிடுகூடப் பக்கத்துல இருந்தான்."

சங்கத்து ஆள் லாயிடு தலையாட்டினார். ராய்ஸ் எது சொன்னாலும் ஆடுகிற தலை அது.

அந்த ஊரில் கை குலுக்கிவிட்டால் முடிந்தது. பத்திரமும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வெர்னாவைப் பார்த்தார்கள். ராய்ஸின் கை வியர்க்கும் என்று ரிவால்வரைத் தொடக்கூட விடாதவர் ஹார்லன். ஆனால் செத்தவர் கை குலுக்கவில்லை என்று எதை வைத்து நிரூபிப்பது? அவர் போன வீட்டில் அவர் குரல் மிச்சமிருந்தது அந்த ஒரு இரும்பில்தான். அதுவும் போகப்போகிறது.

"சனிக்கிழமை மத்தியானம் வாங்க" என்றாள். "சாப்பாட்டுக்கே வந்துடுங்க."

சனிக்கிழமை ராய்ஸ் வந்தார். கையில் வெல்வெட் வைத்த பெட்டி, வெள்ளைப் பருத்திக் கையுறை, முகத்தில் அளவான துக்கம். சாட்சிக்கு லாயிடு. வேடிக்கைக்குச் சங்கத்து ஆட்கள்.

கூடத்தில் நுழைந்ததும் எலுமிச்சை வாசனை அடித்தது. பாலிஷ் வாசனை.

கண்ணாடிப் பெட்டிக்குள் ரிவால்வர் புதுக் கரண்டி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

லாயிடு தொப்பியைக் கழற்றினார். கல்லறையில் கழற்ற மறந்த தொப்பி.

"வெர்னா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்றார் ராய்ஸ்.

"நீங்கள்லாம் வர்றீங்களேன்னுதான். ஒரே அழுக்கு. இரும்பு நார் போட்டுத் தேய்ச்சேன்."

"அது அழுக்கில்ல. பாட்டினா, பழைய இரும்புல படியற நிறம். விலையே அதுக்குத்தான். நூறு வருஷத்துக்கு மேல ஆகும் அது படிய."

"பேரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. கை கறுப்பாச்சு, அவ்வளவுதான்."

ராய்ஸ் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். நண்பனைப் புதைத்தபோது வராத கண்ணீர், இப்போது தாராளமாக வந்தது. "இது கொலை" என்றார் லாயிடு. தலைவரைக் கேட்காமல் அவர் சொன்ன முதல் கருத்து. கண்ணாடிப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. பிணத்தின் முகத்துத் துணியை விலக்கிப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

"எடுத்துக் குடுக்கட்டுமா?" என்றாள் வெர்னா. "வாக்கு வாக்குதானே."

ராய்ஸ் கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டார். முகத்தில் மெல்லப் பெருந்தன்மை பரவியது.

"வேணாம். புருஷனோட ஞாபகம். உங்ககிட்டயே இருக்கட்டும்."

"அப்போ ஹார்லனோட ரிவால்வர் இனிமே எனக்குத்தான்னு கை குடுத்துச் சொல்லிடுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க."

ராய்ஸ் எல்லார் முன்னாலும் கை குலுக்கிச் சொன்னார். லாயிடு தலையாட்டினார். பன்றித் தொடைக் கறியையும் ஆப்பிள் பலகாரத்தையும் தொடாமல் எல்லாரும் கிளம்பினார்கள். "இந்தக் கொடுமையைப் பார்க்காம போனானே, புண்ணியவான்" என்று ராய்ஸ் வாசலில் சொல்வது கேட்டது.

வெர்னா கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். தோள் இன்னும் வலித்தது. புது இரும்பின் கறுப்புப் பூச்சு அவ்வளவு லேசில் போவதில்லை. போனால் போகிறது, இனி ஊர்வலத்தில் நடக்க ஆளில்லை, அந்த நகல் பொம்மைக்கும் வேறு வேலையில்லை.

சமையலறைக்குப் போய் வால்நட் டின்னைத் திறந்து பார்த்தாள்: அதே அழுக்கோடு, பிடியில் அதே கறையோடு உள்ளே படுத்திருந்த ரிவால்வர் மேல், ஹார்லன் சொன்னபடி, இன்றுவரை துணி பட்டதில்லை.