கோட்டில் பதிந்த கால்

விசிலை ஊதிக் கையையும் நீட்டிய பிறகுதான், யாரை அவுட் என்று சொல்லியிருக்கிறோம் என்பதை ஹுமைரா பார்த்தாள்.

காத்தவராயன்.

கம்மாபுரம் கபடி அணியின் இடது மூலைக்காரர். தீர்ப்பு பிடிக்காவிட்டால் சும்மா விடுகிற ஆளில்லை. போன மாசம் ஒரு போட்டியில் நடுவரின் கழுத்திலிருந்தே விசிலைப் பறித்துக் கரும்புக் கொல்லைக்குள் வீசியவர். அந்த விசில் இன்னும் கிடைக்கவில்லை. அந்த நடுவரும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நீட்டிய கையை இனி மடக்க முடியாது. சற்று முன், எதிரணியான பெண்ணாடத்து ஆள் பாடி வந்தான். காத்தவராயன் அவனைப் பார்த்தபடியே பின்வாங்கினார். புழுதி கிளம்பியது. கால் பின்கோட்டில் பட்ட மாதிரி இருந்தது. ஊதிவிட்டாள்.

“எங்க பட்டுச்சு? கண்ணு தெரியலன்னா வூட்டுக்குப் போவச் சொல்லுங்கடா!”

கம்மாபுரத்து ஆட்கள் மொத்தமாக எழுந்துவிட்டார்கள். ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருந்த பால்சாமி சார், எழுதுவதை நிறுத்தினார்.

உடற்கல்விப் படிப்பில் ஹுமைராவுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு செய்முறைத் தேர்வுதான். ஒரு நிஜமான ஆட்டத்தை நடுவராக நின்று முடித்துக் காட்ட வேண்டும். ஆட்டம் பாதியில் நின்றால் தேர்வும் போச்சு, ஒரு வருஷமும் போச்சு. விசில் ஊதுவதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்ட சொந்தக்காரர்களுக்குக் குவைத்திலிருந்தே பதில் சொல்லிச் சொல்லி அத்தாவுக்கு வாய் வலித்துவிட்டது. இன்னொரு வருஷம் அவரால் ஆகாது.

நாலைந்து பேர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார்கள்.

காத்தவராயன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. குனிந்து காலடியைப் பார்த்தார். நிமிர்ந்து ஹுமைராவைப் பார்த்தார். அவள் விசிலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

சரி, இந்த விசிலும் கரும்புக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் கையைத் தூக்கினார்.

“பட்டுச்சுடா. நான்தான் மிதிச்சேன். எல்லாம் வெளிய போங்க.”

அவ்வளவுதான். திரும்பினார், கோட்டைக் கடந்து நடந்தார், அவுட்டானவர்கள் உட்காரும் கட்டத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வந்தவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். அவரே ஒப்புக்கொண்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன வழக்கு? பால்சாமி சார் எழுந்து வந்து, கோடு கலைந்திருப்பதைப் பார்த்தார். தலையாட்டிவிட்டுத் தாளில் குறித்துக்கொண்டே நாற்காலிக்குப் போனார்.

ஹுமைரா அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்தாள். ஊரே முரடர் என்கிற மனிதர், ஒரே வார்த்தையில் அவள் படிப்பைக் காப்பாற்றிவிட்டார். இன்றைக்குத் தொழுகையில் அவர் பேரைச் சொல்லி துஆ கேட்க வேண்டும். கூடப்பிறந்த அண்ணன் இருந்திருந்தால்கூட இப்படிச் செய்திருப்பானா தெரியாது.

கலைந்த கோட்டை ஆட்டம் தொடங்குவதற்குள் சரிசெய்ய வேண்டும். காலையில் மைதானம் முழுக்கக் கோடு போட்டவளும் அவள்தான். அதற்கும் மார்க் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் கழித்துப்போட்ட அச்சுகளை இடித்துச் சலித்த வெள்ளைப் பொடி வாளியில் மிச்சமிருந்தது. ஒரு பிடி அள்ளிக்கொண்டு குனிந்தாள்.

கோட்டின் மேல் ஒரே ஒரு வெறுங்கால் தடம்.

குதிகால் உள்பக்கம். விரல்கள் ஐந்தும் வெளிப்பக்கம்.

அள்ளிய பொடி கையிலேயே நின்றது. எதிராளியைப் பார்த்தபடி பின்வாங்குகிறவரின் விரல்கள் ஆட்டக்களத்தைத்தான் பார்க்கும். இது பின்வாங்கிய கால் இல்லை. கையைத் தூக்கிவிட்டு, திரும்பி, வெளியே நடந்துபோன கால்.

இந்தத் தடத்தைத் தவிரக் கோட்டில் வேறு எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் காலையில் போட்டது போட்டபடி இருந்தது. விசில் ஊதியபோது அவர் உள்ளேதான் நின்றிருக்கிறார். அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஒரு பிடி பொடியைத் தூவினால் தடம் மறைந்துவிடும். சாரும் குறித்தாயிற்று. அவரும் அதைத்தான் விரும்பி அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

ஹுமைரா திரும்பிப் பார்த்தாள். காத்தவராயன் அவளைப் பார்க்கவில்லை. தன் பையன்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார். ஒரு முன்பின் தெரியாத பெண்ணுக்காக இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதரை அங்கே உட்காரவைத்து ஆட்டத்தை நடத்த அவளுக்கு மனசு வரவில்லை. இப்படிப்பட்ட ஒருவருக்கு நன்றி சொல்ல அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது.

பொடியை வாளியிலேயே கொட்டிவிட்டு விசிலை ஊதினாள்.

“அவுட் இல்லைங்க, நான்தான் தப்பா ஊதிட்டேன். அண்ணே, உள்ள வாங்க.”

கத்துவது இப்போது பெண்ணாடத்துக்காரர்களின் முறை. பால்சாமி சார் தாளில் எதையோ அடித்து எழுதத் தொடங்கினார். என்ன எழுதுகிறார் என்று ஹுமைரா பார்க்கவில்லை.

காத்தவராயன் கைதட்டுவதை நிறுத்தினார். பிறகு புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்து, அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் நிதானமாக நடந்து வந்தார்.

கோட்டருகே வந்ததும் நின்றார். மாப்பிள்ளை வாசப்படி தாண்டுவதுபோல் காலை நன்றாகத் தூக்கி, துளிப் பொடி கலையாமல் உள்ளே எடுத்து வைத்தார்.